கிணறு இருந்த இடம்

(மழைக்காலத்தை முன்னிட்டு மஹல்லா குடும்பங்களுக்காக நடைபெற்ற கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





மஃரிபுக்கு முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறோம். கல்வி உதவித்தொகை பற்றிய கூட்டம் என்றுதான் நோட்டீஸ் போட்டிருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இன்று மண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். போன ஐப்பசி மழையில் நம் அறக்கட்டளையின் லைன் வீட்டில் நடந்தது உங்களில் பலருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுதாகச் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

மூன்றாவது வீட்டில் இருப்பவர் கணவரை இழந்த ஒரு சகோதரி. இரண்டு பெண்பிள்ளைகள். மூன்று நாள் விடாத மழைக்குப் பின் ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். துவைக்கிற கல்லையும் காணோம், பக்கத்தில் இருந்த வாளியையும் காணோம். கல் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பள்ளம், அடியில் தண்ணீர். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அல்லாஹ் காப்பாற்றினான்.

இதைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் எங்களுக்கு வசதி. ஆனால் அந்தச் சகோதரி இரண்டு மாதத்துக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து சொல்லியிருந்தார். "அண்ணே, கல்லு சாயுது. துவைச்ச தண்ணி சாக்கடைக்குப் போகாம எங்கேயோ உள்ளே இறங்குது." நாங்கள் ஒரு கொத்தனாரை அனுப்பினோம். அவர் விரிசலில் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். கூலியைக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துபோனோம்.

பள்ளம் விழுந்த பிறகுதான் பெரியவர் ஒருவர் சொன்னார், "அது கிணறு இருந்த இடமாச்சே!" பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். கிணற்றைத் தூர்க்க இத்தனை லோடு கட்டட இடிபாடு இறக்கியதாக நம் அறக்கட்டளையின் கையெழுத்திலேயே இருக்கிறது. உடைந்த செங்கல், மரத்துண்டு, தென்னை மட்டை, சாக்குப்பை, எல்லாம் போட்டு மேலே ஓர் அடி மண் பரப்பித் தளம் போட்டிருக்கிறார்கள். மட்டை மக்கும், மரம் மக்கும். செங்கல்லுக்கு இடையில் சந்து இருக்கும். மழைத் தண்ணீர் மேல் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சந்துகளுக்குள் இழுத்துக்கொண்டு போகும். மேலே தளம் மட்டும் பாலம் போல நிற்கும். ஒரு நாள் அதுவும் போகும்.

சுண்ணாம்புப் பாறை உள்ள நாடுகளில் பாறையே கரைந்து பூமி உள்வாங்குகிறது. நம் பகுதியில் அப்படியில்லை. இங்கே பெரும்பாலும் மனிதர் தோண்டியதும் புதைத்ததும்தான் காரணம். பழைய கிணறு, கைவிட்ட செப்டிக் டேங்க், சரியாக இறுக்காமல் மூடிய குழாய்ப் பள்ளம், உடைந்த பாதாளச் சாக்கடை. குழாயில் கை நுழைகிற ஓட்டை இருந்தால் போதும், ஒவ்வொரு மழைக்கும் சுற்றியுள்ள மணல் அதற்குள் ஓடிவிடும். 2010 மே மாதம் குவாத்தமாலா நகரில் புயல் மழையின்போது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை அப்படியே விழுங்கிய பள்ளத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் எளிதில் அரிக்கும் எரிமலைச் சாம்பல் மண்ணும் கழிவுநீர்க் குழாய்க் கசிவும் சேர்ந்துதான் வினை என்று நிலவியல் அறிஞர்கள் சொன்னார்கள்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வீதி நம் மக்கள் பலருக்குப் பழக்கமான இடம், தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய பள்ளிவாசல் இருக்கும் வீதி. 2024 ஆகஸ்டில் அங்கே நடைபாதை திடீரென்று உள்வாங்கி, நம் நாட்டிலிருந்து போன ஒரு பெண் விழுந்தார். ஒரு வாரத்துக்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. நடந்துகொண்டிருந்தவர், அவ்வளவுதான். சென்னை வேளச்சேரியில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில், கட்டடத்துக்காக ஏறக்குறைய 50 அடி ஆழம் தோண்டியிருந்த பள்ளத்தின் ஓரம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். உடல்களை எடுக்கவே நாட்கள் ஆயின.

மதரஸாவில் ஃபிக்ஹுப் பாடத்தில் ஒரு சட்டம் ஓதினோம். பொதுவழியில் அனுமதியில்லாமல் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால் தோண்டியவர் மீது பொறுப்பு உண்டு. அந்த வயதில், இப்போது யார் தெருவில் கிணறு வெட்டப்போகிறார்கள் என்று நினைத்தோம். போன வருடம் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோதுதான் பாடம் விளங்கியது.

அதனால் உங்கள் வீடுகளில் நீங்களே பார்க்கக்கூடியதைச் சொல்கிறோம். சுவரில் மயிரிழை விரிசல் எல்லா வீட்டிலும் இருக்கும், பயப்பட வேண்டாம். களிமண் தரை கோடையில் சுருங்கும், மழையில் உப்பும், விரிசலும் அதோடு திறந்து மூடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசல், செங்கல் வரிசையில் படிக்கட்டு போல ஏறும் விரிசல், இவை அகலமாகிக்கொண்டே போனால்தான் கவலை. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரிடம் காட்டுங்கள். நேற்று வரை சாத்திய கதவு இன்று இடிக்கிறதா, தேங்கிய மழைநீர் ஓரிடத்தில் மட்டும் சட்டென்று வடிகிறதா, வாசலில் தரை தட்டுப் போலக் குழிகிறதா, இதையும் கவனியுங்கள். பெண்கள்தான் இதையெல்லாம் முதலில் பார்க்கிறார்கள். அவர்கள் சொன்னால் ஆண்கள் காதுகொடுத்துக் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பள்ளம் விழுந்துவிட்டால் எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். விளிம்புக்கு அடியிலும் வெற்றிடம் இருக்கும். வீட்டை ஒட்டி என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள். உடனே ஒரு வண்டி ரப்பிஷ் கொட்டி மூடுவதும் வேண்டாம், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் மூடினால் மறுபடியும் விழும். தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இன்னொன்று, மழை நின்ற கையோடு லாரியைக் கூப்பிட்டு செப்டிக் டேங்கை முழுக்கக் காலி செய்யாதீர்கள். சுற்றி ஊறிய மண்ணின் அழுத்தத்தில் காலித் தொட்டியின் சுவர் உள்வாங்கும். மழைநீர் சேகரிப்புக் குழியையும் அஸ்திவாரத்தை ஒட்டி வெட்டாதீர்கள். 2003-ல் அது கட்டாயமானபோது அவசரத்தில் சுவரோரம் வெட்டியவை நம் தெருவிலேயே இருக்கின்றன.

லைன் வீட்டுக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். இடிபாடு முழுவதையும் வெளியே எடுத்து, மணலும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கினோம். செலவுக்கு ஜகாத் நிதியைத் தொடலாமா என்று ஒருவர் கேட்டார். அது ஏழைகளின் உரிமை, அறக்கட்டளைக் கட்டடத்துக்கு ஆகாது என்று இமாம் அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கடை வாடகை வருமானத்திலிருந்துதான் செய்தோம். வேலை முடியும் வரை அந்தக் குடும்பத்தை மாடி அறையில் தங்க வைத்தோம், வாடகை வாங்கவில்லை. அந்தச் சகோதரியிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டோம். "பிள்ளைங்க அந்தப் பக்கம் போகலையே, அது போதும் அண்ணே" என்றார். ஆனால் சின்ன மகள் இன்னும் பின்கட்டுக்குத் தனியாகப் போவதில்லை.

இப்போது பெரியவர்களிடம் ஒரு கோரிக்கை. நம் மஹல்லாவில் முன்பு எத்தனை கிணறு இருந்தது, எந்த வீடு எதன் மேல் நிற்கிறது என்பது அறுபது, எழுபது வயதானவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு அது போய்விடக் கூடாது. வரும் ஞாயிறு அஸருக்குப் பின் பள்ளிவாசலில் இருந்து தெருத் தெருவாக நடக்கப்போகிறோம். நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருங்கள், பையன்கள் வந்து கேட்டு எழுதிக்கொள்வார்கள். சொந்த வீட்டில் கிணறு மூடியிருப்பவர்கள் மறைக்க வேண்டாம், யாரையும் குறை சொல்வதற்கல்ல. நோட்டின் முதல் பக்கத்தில் எங்கள் கிணற்றைத்தான் எழுதியிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.