முதுமையில் அரும்பிய ஓவியம்
(நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் ஓவியத்தைப்பற்றிப் பேச எழுந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். யான் தூரிகை பிடித்தறியேன். ஆயினும், ஓவியக் கல்லூரியிற் பயிலாத ஒருவர் தம் முதுமையிற் செய்த முயற்சியைக் கூறுதற்கு ஓவியனாதல் வேண்டுவதன்று. இரவீந்திரநாத தாகூரையே குறிக்கின்றேன்.

1861-இல் பிறந்த அவர், இளமையில் வீட்டிலேயே வரைதற் பாடம் கேட்டதுண்டு, கை வசப்படவில்லை. 1900-ஆம் ஆண்டளவில் நண்பர் ஜகதீச சந்திர போஸுக்கு எழுதிய கடிதத்தில், தாம் பென்சிலினும் அழிப்பானையே மிகுதியாகக் கையாளுவதாக நகைபட உரைத்தார். அங்ஙனம் கைநழுவிய கலை பின்னர் அடித்தல் திருத்தல்களின் வழியே அவரை வந்தடைந்தது.

பாட்டெழுதுங்கால் அடிக்கப்பட்ட சொற்கள் தாளில் அங்கங்கே கறையாய்க் கிடத்தல் அவர் கண்ணை உறுத்திற்று. அவற்றைக் கோடுகளாற் பிணைத்தார். ஓரிடத்தில் அலகு தோன்றிற்று; பிறிதோரிடத்தில் பெயரறியா விலங்கொன்று வாய் திறந்தது. 1924-இல் அர்ஜென்டீனாவில் விக்டோரியா ஒகாம்போ அம்மையாரின் விருந்தினராய்த் தங்கியபோது, 'பூரவி' நூலின் கையெழுத்துப்படியில் இவ்வுருவங்கள் மலிந்தன. அம்மையார் கண்டு வியந்தார். 1930-இல் பாரிஸ் நகரத்தில் முதற்காட்சி நிகழ்ந்தது அவர் முயற்சியாலேயே. கவிஞர்க்கு அப்பொழுது அகவை 69. 1941-இல் மறையுமுன் அவர் விட்டுச்சென்ற படங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டன.

வண்ணந் தீட்டாது கோட்டளவில் நிற்கும் படத்தை நம் முன்னோர் 'புனையா ஓவியம்' என்றனர். தாகூர் அங்கே தொடங்கி, பின் மை, துணி, விரல் எனக் கைக்கெட்டியவை அனைத்தையும் கொண்டு வண்ணமும் ஏற்றினார். அவர் எழுதிய முகங்களே என்னை மிகவும் ஈர்ப்பன. நீண்ட முட்டை வடிவில் ஒரு பெண்முகம் மீண்டும் மீண்டும் வரும், நகை இராது, கண்கள் இருண்டிருக்கும். இன்னார் முகமென்று அவர் பெயரிட்டாரல்லர். சில, மரத்திற் செதுக்கிய முகமூடிபோல் விளங்கும். அளவு பிசகிய இடங்களும் உள. அவற்றைக் குறையன்றென யான் வாதியேன். ஆயினும் அம்முகங்கள் கண்டாரை விடா.

அவர் பள்ளி நிறுவிய சாந்திநிகேதனத்தில் ராம்கிங்கர் பைஜ் என்னும் சிற்பியார், 1938-இல் சாந்தால் குடும்பமொன்றின் பேருருவைச் சிமெண்டும் செம்பரற் கற்களுங் கொண்டு வெட்டவெளியிற் சமைத்தார். வெண்கலத்துக்கும் சலவைக்கல்லுக்கும் அவர் காத்திருக்கவில்லை.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். என் மாணாக்கன் ஒருவன் கணக்கேட்டின் பின்பக்கத்தில் தன் பாட்டியின் முகத்தை எழுதியிருந்தான். மூக்கு சற்றே கோணல். பாம்படந் தொங்கிய காது மட்டும் உயிரோடிருந்தது. தந்தையார் அத்தாளைக் கிழித்தெறிந்தாராம். அவர் ஈண்டு அமர்ந்திருத்தலுங் கூடும், பெயர் கூறேன். அம்மூதாட்டியார் சென்ற தைத் திங்களில் இயற்கை எய்தினார். வீட்டில் அவருடைய நிழற்படம் ஒன்றேனும் இல்லை. இப்பொழுது அத்தந்தையாரே, “மறுபடி வரைவாயா?” என்று மகனைக் கேட்கின்றாராம். பையன் வாளா இருக்கின்றான்.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் கட்டடத்தின் பின்னறை ஞாயிற்றுக்கிழமைகளிற் பூட்டியே கிடக்கின்றது. அதனைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுக. விரும்பும் முதியோரும் வருக. அறுபது கடந்தோர்க்குத் தடையில்லையென்பதை மேலே கண்டோம். களிமண் நம் ஏரியிலேயே உளது. தாளுக்கும் மைக்கும் ஆகுஞ் செலவை யான் ஏற்பேன். திறவுகோல் ஒன்றே செயலாளரவர்களிடமிருந்து வரவேண்டுவது.