ஸ்பீட் இருக்கு, ஆனா மீட்டிங் ஏன் திணறுது?

வீட்டு வைஃபையில நல்லா ஓடுற வீடியோ மீட்டிங், ஆபீஸ்ல வெட்டி வெட்டி வருது. நாலு பேர் சேர்ந்து எழுதுற டாக்குமென்ட் அப்படியே உறைஞ்சு நிக்குது. ஸ்பீட் டெஸ்ட் போட்டா வேகம் நல்லாத்தான் காட்டுது. அப்புறம் எங்க சிக்கல்? இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம்.

இணையத்துல டேட்டா போக முக்கியமா ரெண்டு முறை உண்டு: டிசிபி, யுடிபி. டிசிபி, ஒப்புகை அட்டை வெச்ச பதிவுத் தபால் மாதிரி. போய்ச் சேரலைன்னா திரும்ப அனுப்பும். யுடிபி சாதாரணத் தபால். அனுப்பினதோட சரி. பேச்சுக்கு யுடிபிதான் பொருத்தம். குரல்ல ஒரு சின்னத் துணுக்கு தொலைஞ்சா நம்ம காது கண்டுக்காது. தொலைஞ்சதுக்காகக் காத்திருந்தாத்தான் பேச்சு தடுமாறும்.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் குரலையும் படத்தையும் யுடிபி 3478 முதல் 3481 வரையான போர்ட்கள் வழியா அனுப்பும். ஜூமுக்கு 8801 முதல் 8810. பல ஆபீஸ் ஃபயர்வால்கள் இதையெல்லாம் மூடிட்டு, வெப் பக்கங்களுக்கான டிசிபி 443-ஐ மட்டும் திறந்து வெச்சிருக்கும். செயலி அந்த ஒரே வாசல் வழியாப் போகும். மீட்டிங் நடக்கும், தரம் இறங்கும்.

டாக்குமென்ட் கதை வேற. நீங்க தட்டுற எழுத்து உடனே மத்தவங்க திரையில தெரியணும்னா, சர்வரோட இணைப்பு திறந்தே இருக்கணும். 2011-ல் தரநிலையா வந்த வெப்சாக்கெட் இதுக்குத்தான். நடுவுல இருக்குற சில ப்ராக்ஸிகள் இந்த நீண்ட இணைப்பை அனுமதிக்காது, இல்லன்னா கொஞ்ச நேரத்துல அறுத்துடும்.

ஐடி டீமைக் குறை சொல்லிப் பயனில்லை. தகவல் வெளிய போகக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுப்பாடு. ஆனா வேலை நடக்கலைன்னா ஆட்கள் என்ன செய்றாங்க? மொபைல் ஹாட்ஸ்பாட் போடுறாங்க. வாடிக்கையாளர் ஃபைலை சொந்த வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க. அது எந்தப் பதிவிலயும் வராது. எதைத் தடுக்க நினைச்சாங்களோ, அதுவே கண்ணுக்குத் தெரியாம நடக்குது. இன்னொரு இழப்பும் இருக்கு: குரல் விட்டு விட்டு வர்றவரைத்தான் ‘தயாராகாம வந்துட்டார்’னு எதிர்ல இருக்கிறவங்க நினைப்பாங்க.

அதனால ‘நெட் ஸ்லோ’ன்னு மட்டும் புகார் போடாதீங்க. எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, கேபிளா வைஃபையான்னு எழுதுங்க. ஜூம் செட்டிங்ஸ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதி இருக்கு. பாக்கெட் லாஸ், ஜிட்டர் ரெண்டும் அங்க தெரியும். அதைப் படம் பிடிச்சு இணைங்க. யுடிபியை மொத்தமாத் திறக்கச் சொல்ல வேண்டாம். எந்த முகவரி, எந்த போர்ட்னு அந்த நிறுவனங்களே பட்டியல் வெளியிட்டிருக்காங்க. அதை மட்டும் அனுமதிக்கக் கேளுங்க. டீம்ஸ் மீடியாவை ப்ராக்ஸி வழியா அனுப்ப வேண்டாம்னு மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்குது. அந்த ஒரு வரியே உங்க கோரிக்கைக்குப் பலம்.

உங்க ஆபீஸ்ல எது அடைபட்டிருக்குன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.