திக்கித் திக்கி வாசிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்!

பெற்றோர்களே!

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய எங்கள் தவறு ஒன்றைச் சொல்கிறோம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசிப்பான். மற்றவர்களுக்கு அவனை உதாரணம் காட்டினோம். ஒருநாள் பார்த்தால், புத்தகத்தில் வேறு பக்கம் திறந்திருக்கிறது. வாய் மட்டும் ஓடுகிறது. மதரஸாவில் காதால் கேட்டே சூராக்களை மனனம் செய்கிற பிள்ளை, பாடத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டான். குறை அவனிடம் இல்லை. எல்லோரையும் சேர்ந்து வாசிக்க வைத்து, அந்தச் சத்தத்தில் நாங்கள்தான் ஏமாந்தோம்.

அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, பாடத்தில் இல்லாத நான்கு சொற்களை வாசிக்கச் சொல்கிறோம். எங்கே தடுக்கிறதோ அங்கிருந்துதான் கற்பிக்கத் தொடங்குகிறோம். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பதும் இதற்காகத்தான். ஆனால் "என் பிள்ளையை ஏன் அரும்பில் போட்டீர்கள்?" என்று சண்டைக்கு வருகிறீர்கள், அதுவும் பிள்ளையின் முன்னாலேயே! பிறகு அது தெரியாததை மறைக்காமல் என்ன செய்யும்?

அந்தப் பையனுக்குத் தினமும் மணியடிக்குமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம். இப்போது திக்கித் திக்கி வாசிக்கிறான். "முன்னே நல்லா வாசிச்சானே" என்று அவன் உம்மா வருத்தப்பட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போதுதான் வாசிக்கிறான் என்றோம்.

இன்று வீட்டில் மளிகைச் சீட்டையோ மருந்துப் பெட்டியையோ கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தெரியாவிட்டால் திட்டாதீர்கள்; எங்களிடம் வந்து சொல்லுங்கள்.