சுவரில் மாட்ட முடியாத கலை

இந்த அறக்கட்டளை உரை எடுத்துக்கொண்ட பொருள், நவீனக் கலை அருங்காட்சியகங்கள் மாலை வேளைகளில் நடத்தும் படக்காட்சிகளும் கச்சேரிகளும். ஓவியத்துக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் ஊறுகாய் என்றே பலர் இவற்றை எண்ணுகிறார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1929இல் மோமா தொடங்கியபோதே அதன் முதல் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் சினிமாவுக்கும் அங்கே இடம் கேட்டார். அறங்காவலர்கள் இழுத்தடித்தார்கள். திரைப்பட நூலகம் 1935இல்தான் பிறந்தது. பொறுப்பேற்றவர் ஐரிஸ் பேரி, லண்டன் பத்திரிகைகளில் சினிமா விமர்சனம் எழுதிவந்தவர். ஓடி முடிந்த படத்தைச் சீந்த ஆளில்லாத காலம் அது; மௌனப் படச் சுருள்களை எரித்து வெள்ளி எடுத்தார்கள். பேரி ஹாலிவுட்டுக்கே போனார். நடிகை மேரி பிக்ஃபோர்டின் மாளிகையில் கூடிய பட முதலாளிகளிடமும் நட்சத்திரங்களிடமும் பிரதிகளைத் தரும்படி கேட்டார்.

படம் சேர்ந்தால் போதுமா, பார்க்கத் தெரிந்த கூட்டமும் வேண்டுமே! பழைய நடிப்பைக் கண்டு சிலர் கெக்கலித்தார்கள். பேரி அரங்கில் தனக்கென ஓர் இருக்கை வைத்துக்கொண்டார், பக்கத்தில் ஒரு தொலைபேசி. திரையிடலில் கோளாறு என்றால் ஆபரேட்டருக்கு உடனே வசவு. அரங்கில் சத்தம் மிஞ்சினால் விளக்கைப் போட்டு, அடங்காவிட்டால் காட்சி நிறுத்தப்படும் என்ற ஸ்லைடைக் காட்டுவார்கள். அப்படியும் அடங்காவிட்டால் உண்மையிலேயே நிறுத்திவிடுவார்கள். ஓவியத்தின் முன் கைகட்டி நிற்கும் மரியாதையைச் சினிமாவுக்கு இப்படிக் கறாராகத்தான் வாங்கிக்கொடுத்தார் பேரி.

இசையின் கதை வேறு. 1943 பிப்ரவரியில் முப்பது வயது இசையமைப்பாளர் ஜான் கேஜ் மோமாவில் தாளக் கச்சேரி நடத்தினார். வாத்தியங்களில் கார் பிரேக் டிரம்மும் பூந்தொட்டியும் இருந்தன. 'லைஃப்' பத்திரிகை படத்தோடு செய்தி போட்டது.

ஆனால் மோமாவின் நிகழ்ச்சிகளில் ஒன்றைத்தான் காட்டு என்றால் 1955ஆம் ஆண்டைத்தான் காட்ட வேண்டும். இந்தியத் துணிகளுக்கும் அணிகலன்களுக்கும் அந்த ஆண்டு பெரிய கண்காட்சி. அதை ஒட்டி அலி அக்பர் கானின் சரோத் கச்சேரி. அறிமுகம் செய்தவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற சாந்தா ராவ் ஆடினார்.

கண்காட்சிக்குப் பொருள் தேடிக் கல்கத்தா வந்திருந்த மோமா அதிகாரி மன்ரோ வீலர், பாதியில் நின்ற ஒரு படத்தின் ஸ்டில்களைப் பார்த்தார். எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு விளம்பர நிறுவன ஓவியர், சத்யஜித் ராய். படத்தை முடித்து அனுப்பச் சொன்னார் வீலர். பிறகு கல்கத்தா வந்த ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹூஸ்டன், ஒலி சேராத காட்சிகளைப் பார்த்துவிட்டு நல்ல வார்த்தை சொன்னார். மேற்கு வங்க அரசின் பணம் வந்தது. ரவிசங்கர் ஒரே இரவில் இசையமைத்துக் கொடுத்தார். சப்டைட்டில் போட நேரமில்லை. 'பதேர் பாஞ்சாலி' 1955 மே மாதம் வங்காளப் பேச்சோடு அப்படியே மோமாவில் ஓடியது. கல்கத்தாவில் வெளியானது ஆகஸ்டில்தான். துணிக் கண்காட்சியின் துணை நிகழ்ச்சி எது, முதன்மை நிகழ்ச்சி எது என்பதைக் காலம் தலைகீழாக்கிவிட்டது.

நடந்து முடிந்தபின் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் இத்தகைய கலையின் சிக்கல். 1960 மார்ச்சில் சிற்பி ழான் டிங்குலி மோமா தோட்டத்தில் சைக்கிள் சக்கரங்கள், பியானோ எல்லாம் கோத்து, தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ஓடவிட்டார். தீப்பிடித்து, தீயணைப்பு வீரர் தலையிட்டு, 27 நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு துண்டு மட்டும் சேகரிப்பில் இருக்கிறது. சினிமாவுக்கு மறுபிறவி உண்டு, அதுவும் யாராவது மெனக்கெட்டால்தான். 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட ராயின் அபு படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் லேப் ஒன்றின் தீயில் கருகின. எஞ்சியதைப் பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யாவில் ஒவ்வொரு சட்டகமாகச் சீர்படுத்தினார்கள். அந்தப் 'பதேர் பாஞ்சாலி' 2015 மே மாதம் மோமாவில் திரையிடப்பட்டது, இந்த முறை சப்டைட்டிலோடு.