சைக்கிள் மிதிக்கும் பெண்கள்: டெபோரா ஹெரால்டை முன்வைத்து

(திண்டிவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் மரக்காணம் கடற்கரையில் ஏறிய அதே ஆழிப்பேரலை, நிக்கோபார்த் தீவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியையும் வாரிக்கொண்டு போனது. மரமொன்றைப் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் கிடந்து பிழைத்தாள். அவள்தான் டெபோரா ஹெரால்டு. பத்திரிகைகள் அந்த மரத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதின. அதற்குப் பிறகு அவர் செய்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தமானில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பயிற்சிக்காக டெல்லிக்கு அழைத்துச் சென்றார்கள். 2010 காமன்வெல்த் போட்டிக்காக அங்கே கட்டிய வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத் தடம், ஒரு சுற்று 250 மீட்டர். தளம் முழுக்க மரப்பலகை. வளைவுகளில் ஏறி நடக்க முடியாத அளவுக்குச் சாய்ந்திருக்கும். அதில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும், காலுக்கு ஓய்வே இல்லை. டெபோராவின் போட்டி 500 மீட்டர்: நின்ற இடத்திலிருந்து கிளம்பி இரண்டே சுற்று. முன்னணி வீராங்கனைகள் 35 விநாடிக்குள் முடித்துவிடுவார்கள். முதல் பத்து மிதியில் தளர்ந்தால் மிச்சத்தில் ஈடுகட்ட வழியில்லை.

அந்தப் போட்டியில் 2015-ல் உலகத் தரவரிசையின் 4-ஆம் இடத்துக்கு அவர் வந்தார். இந்தியர் எவரும் அதற்குமுன் எட்டாத இடம். 2016-ல் லண்டனில் நடந்த உலகத் தடச் சைக்கிள் போட்டியிலும் கலந்துகொண்டார்; அங்கே போட்டியிட்ட முதல் இந்தியப் பெண் அவரே.

தடம், சாலை இரண்டையும் ஆண்டவர் என்றால் இங்கிலாந்தின் பெரில் பர்ட்டனைச் சொல்ல வேண்டும். தடத்தில் ஐந்து, சாலையில் இரண்டு என ஏழு உலகப் பட்டங்கள். பிழைப்புக்குப் பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். 1967-ல் பன்னிரண்டு மணி நேரப் போட்டியில் 277.25 மைல் ஓட்டினார். ஏறத்தாழச் சென்னையிலிருந்து மதுரை! அன்றைய ஆண்கள் சாதனையைவிட அது அதிகம். வழியில் முந்திச் சென்றபோது, பின்தங்கிய ஆண் வீரருக்கு ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார். பெண்கள் பிரிவில் அந்தச் சாதனை 2017 வரை நின்றது. ஆனால் 1984 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிள் போட்டியே இல்லை. அவருக்கு இருந்த வலுவுக்கு ஒலிம்பிக் மேடை கிடைக்காமலே போனது.

நம் ஊரிலும் இதுதான் கதை. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென 2001-ல் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிறகு விரிந்தது. மரக்காணம் சாலையில் மாலை நான்கரை மணிக்கு நின்று பாருங்கள். கடற்காற்று எதிரே அடிக்க, கேரியரில் புத்தகப் பை, அதன்மேல் தங்கை, காற்றுக் குறைந்த டயர் என்று ஒரு பெண் மிதித்து வருவாள். அந்தக் கால்களின் வலு டெல்லிக்குத் தெரியாது, திண்டிவனத்துக்கே தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடுகிறது.

அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியை விளையாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிறது. 15 வயது, 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 15 கிலோமீட்டர். விலையுயர்ந்த வண்டி வேண்டாம்; இந்தியாவில் தயாரித்த சாதாரண சைக்கிள்தான் விதி. ஆகவே, அவையிலிருக்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, வரும் செப்டம்பரில் பள்ளிக்கு ஐந்து பெண்களின் பெயரையாவது கொடுங்கள். யார் எத்தனை நிமிடத்தில் முடித்தாள் என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அவளையே அழைத்து வாருங்கள். பெற்றோர்களே, பள்ளி முடிந்த பின்னும் அந்தச் சைக்கிளை விற்றுவிடாதீர்கள்.