நினைவு கொள்ளும் இயந்திரமும் நீக்கும் உரிமையும்
(விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயற்கை நுண்ணறிவு உதவியாளர்க்கு நிலைத்த நினைவை அளிப்பது பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். பாடம் படிக்கும் பிள்ளைகளும், வணிகக் கடிதம் எழுதும் பெரியோரும், மருந்துச் சீட்டின் பொருளை வினவும் பாட்டிமாரும் இன்று இக்கருவியோடு உரையாடுகின்றனர். ஆதலின், இது பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது, ஓர் உரையாடலை முடித்து மற்றொன்றைத் தொடங்கினால், முன்னர்ப் பேசியது எதுவும் அதற்குத் தெரியாது. அதற்குரிய அறிவு இருவகைப்படும். ஒன்று, பயிற்சியின்போது எண்ணற்ற எண்களாக அதனுள் பதிந்த மொழியறிவு. நாம் உரையாடுவதனால் அவ்வெண்கள் உடனுக்குடன் மாறுவதில்லை. மற்றொன்று, நடைபெறும் உரையாடலில் அதன் முன் உள்ள எழுத்து. இது கரும்பலகை போன்றது. புதிய உரையாடல் தொடங்கும்போது துடைக்கப்பட்டுவிடும்.

இக்குறையை நீக்கவே நினைவு வசதி வந்தது. 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஏஐ நிறுவனம் அதனைச் சிலர்க்கு மட்டும் அளித்துச் சோதித்தது. 2025 ஏப்ரலில், பழைய உரையாடல்களையும் கருத்திற் கொள்ளுமாறு விரிவுபடுத்தியது. இதன் செயல்முறை எளியது. நாம் கூறியவற்றுள் பயன்படும் எனத் தோன்றுவன குறிப்புகளாகத் தனியே சேமிக்கப்படும். அடுத்த முறை நாம் வினா எழுப்புகையில், அக்குறிப்புகள் நம் வினாவுக்கு முன்னே அக்கரும்பலகையில் எழுதி வைக்கப்படும். எனவே, இதனை மனித நெஞ்சின் நினைவு என்பதினும் கணக்குப்பிள்ளையின் பேரேடு என்பதே பொருந்தும்.

பேரேட்டில் அனைத்தையும் எழுதலாம். ஆனால் எப்பக்கத்தை எப்போது புரட்டுவது? 2023இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளரும் 25 கற்பனை மாந்தர் வாழும் ஒரு சிற்றூரைக் கணினியில் படைத்தனர். அம்மாந்தர் தம் பட்டறிவைக் குறிப்புகளாக வைத்திருந்தனர். நிகழ்ந்த காலத்தின் அண்மை, செய்தியின் முதன்மை, கேள்வியோடுள்ள தொடர்பு என்னும் மூன்றையும் எடைபோட்டே எந்தக் குறிப்பை நினைவுகூர்வது என்பது முடிவாயிற்று. எஞ்சியவை ஒதுங்கி நின்றன. நல்ல நினைவுக்குத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது என்பதை இது காட்டுகின்றது.

இதனால் விளையும் நன்மையை மறுப்பதற்கில்லை. நீரிழிவு உள்ள ஒருவர் ஒவ்வொரு முறையும் தம் நிலையை விளக்க வேண்டுவதில்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவி, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம்.

இனித் தீங்கினையும் எண்ணுவோம். முதலாவது, பழைய குறிப்பு. மருத்துவர் மாற்றிவிட்ட மருந்தின் பெயர் பேரேட்டில் நின்றுவிட்டால், அறிவுரையும் பிழைபடும். இரண்டாவது, பிறர் புகுத்தும் குறிப்பு. 2024இல் யோகான் ரேபெர்கர் என்னும் பாதுகாப்பு ஆய்வாளர், தீய நோக்குடைய பக்கமொன்றைப் படிக்கச் செய்வதன் வாயிலாகவே சாட்ஜிபிடியின் நினைவில் பொய்க் குறிப்பை நடமுடியும் என மெய்ப்பித்துக் காட்டினார். மூன்றாவது, நம் இல்லங்களுக்கு மிக நெருங்கியது. ஒரே கைபேசியையும் ஒரே கணக்கையும் வீட்டார் அனைவரும் பயன்படுத்தினால், மருமகள் தன் உடல்நலம் குறித்துத் தனிமையில் கேட்டது, மாமனார் கேட்கும் வினாவின் விடையில் தலைகாட்டக்கூடும். அவருடைய மானம் அன்றோ அங்கே அடகு வைக்கப்படுகின்றது!

அழித்துவிட்டோம் என்று அமைதி கொள்ளவும் இயலாது. உரையாடலை நீக்கினாலும், அதிலிருந்து தனியே சேமித்த குறிப்பு நீங்குவதில்லை. அதனையும் தனியே நீக்குதல் வேண்டும். மேலும், 2025 மே மாதத்தில், நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில், பயனர் நீக்கிய உரையாடல்களையும் பாதுகாத்து வைக்குமாறு அமெரிக்க நீதிமன்றம் ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அக்கடப்பாடு முடிவுற்றது. எனினும், நீக்கும் பொத்தான் நம் கையில் இருப்பினும் ஏடு பிறர் கையில் உள்ளது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஆகவே, இயந்திரம் எவ்வளவு நினைவில் வைக்கின்றது என்பதினும், அந்நினைவை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் அழிக்கலாம் என்பதே முதன்மையான வினா. எவரைப் பற்றிய குறிப்போ, அவர்க்கே அம்மூன்று உரிமைகளும் இருத்தல் வேண்டும். நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம் தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையை வகுத்துள்ளது. அதன் பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டம் முழுமையாக வரும்வரை நாம் செய்யத்தக்கவை சில உள. வீட்டில் ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கு அமைத்துக்கொள்க. திங்களுக்கொரு முறை அமைப்புகள் பகுதியைத் திறந்து, சேமித்த குறிப்புகளைப் படித்துப் பிழையானவற்றை நீக்குக. நோய், கடன், குடும்பப் பிணக்கு ஆகியவற்றைக் கேட்க நேரின், நினைவில் வைக்காத தற்காலிக உரையாடலைப் பயன்படுத்துக. முதியோர்க்கு இவற்றைச் செய்து கொடுத்தல் இளையோரின் கடமையாகுக.

பேரேடு எழுதுவதை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம். அதனைச் சரிபார்க்கும் பொறுப்பை ஒப்படைத்தல் ஆகாது.