மருந்துக்குச் சீட்டா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் வழங்கிய உரை)



எங்கள் வார்டில் ஒரு தாயாரிடம், மகனை மருத்துவ ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் போனதும் அவர் எங்களிடம், "பாஸ்டர் ஐயா, எந்த மருந்து என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்களாமே! என் பிள்ளையின் உயிர் என்ன விளையாட்டா?" என்று அழுதார். நியாயமான கேள்விதான். மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டுப் போட்டதை வாசித்திருக்கிறோம். மருந்துக்குச் சீட்டு என்றால் நமக்கும் நெஞ்சு பதறுகிறது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வை அவருக்குச் சொன்னோம். சானடோரியத்தில் படுத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் பெற்றால்தான் குணம் என்பது அன்றைய நம்பிக்கை. படுக்கைகளோ போதவில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதுமா என்று அறிய, 193 நோயாளிகளைச் சீட்டு முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். டாக்டர்களே பிரித்திருந்தால், இரக்கப்பட்டு மிகவும் நலிந்தவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அப்புறம் வீட்டில் இருந்தவர்கள் தேறினால், அது மருந்தாலா, முதலிலேயே நோய் குறைவாக இருந்ததாலா என்று யார் சொல்ல முடியும்?

ஒரு வருஷ முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. இட நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்களில் 86 சதவீதம்! வீட்டாருக்குத் தொற்றுமே என்ற பயமும் இருந்தது. அவர்களையும் 5 வருஷம் கவனித்தார்கள். சானடோரியம் போனவர்களின் குடும்பங்களைவிட அங்கே நோய் அதிகமாகவில்லை.

எல்லாவற்றுக்கும் சீட்டுப் போட முடியாது. "நீ சிகரெட் குடி, நீ குடிக்காதே" என்று யாரையும் பிரிக்கலாமா? ஆகவே டால், ஹில் என்ற இருவர் லண்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடமும் வேறு நோயாளிகளிடமும் பழைய பழக்கத்தைக் கேட்டு ஒப்பிட்டு, 1950-இல் வெளியிட்டார்கள். மனித ஞாபகம் பிசகக்கூடியது. எனவே 1951-இல் பிரிட்டிஷ் டாக்டர்களிடமே பழக்கத்தை முன்கூட்டி எழுதி வாங்கி, வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வழியும் சிகரெட்டையே காட்டின.

"அப்படியானால் டாக்டருக்கே எது நல்லதென்று தெரியாதா?" என்றார் அந்தத் தாயார். "தெரியாததால்தான் அம்மா சீட்டு. தெரிந்திருந்தும் சீட்டுப் போட்டால் அது பாவம்" என்றோம்.

"வேண்டாம் என்று சொன்னால்?"

"வழக்கமான வைத்தியம் நடக்கும். யாரும் கோபிக்கமாட்டார்கள்."

சம்மதப் படிவத்தை மடித்து, கணவரிடம் வாசித்துக் காட்ட எடுத்துப்போனார்.